சுவர் மூடும் முன்: புதுக் கட்டடத்தில் கன்சீல்டு வயரிங் செய்யும் முழு முறை

ஒரு வீட்டின் வயரிங்கில் கண்ணுக்குத் தெரிவது சுவிட்ச் போர்டும், மின்சாரத்தை சர்க்யூட்களாகப் பிரிக்கும் டிபி பாக்ஸின் கதவும்தான். மீதியெல்லாம் கான்கிரீட்டுக்குள்ளும் பூச்சுக்குள்ளும் போய்விடுகிறது. பூசி முடித்த பிறகு தெரியவரும் தவறைத் திருத்தச் சுவரை உடைக்க வேண்டும். ஸ்லாப்புக்குள் நேர்ந்த தவறென்றால் உடைக்கவும் வழியில்லை. அதனால் கட்டட எலக்ட்ரீஷியனுக்கு வயர் முறுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வேலையை, யார் வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் வீட்டு வயரிங், பிவிசி பைப்பில் ஒற்றைக் கோர் செப்பு வயர் இழுக்கும் முறை. எண்கள் பெரும்பாலும் ஐஇசி என்னும் பன்னாட்டு மின் தர அமைப்பின் தரங்களை ஒட்டியவை. வயர் நிறம், எர்த் முறை, யார் இணைப்புக் கொடுக்கலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறுபடும்; அந்த இடத்து விதியே கடைசிச் சொல். மின்சாரம் வந்த பிறகு செய்யும் வேலைகளும் சோதனைகளும் பயிற்சியும் உரிமமும் உள்ளவருக்கு மட்டுமே.

முதலில் சர்க்யூட் பட்டியல்

பைப்பைத் தொடுவதற்கு முன் சர்க்யூட்களைப் பிரித்து எழுதிவிட வேண்டும். இரண்டு படுக்கையறை உள்ள வீட்டுக்கு நடைமுறையில் இப்படி வரும்: விளக்கு, ஃபேனுக்கு 2 சர்க்யூட், அறைகளின் சாக்கெட்டுகளுக்கு 2, சமையலறைக்கு 2, வாஷிங் மெஷினுக்கு 1, வாட்டர் ஹீட்டருக்கு 2, ஏசிக்கு 2, மோட்டாருக்கு 1. ஆக மொத்தம் 12. டிபியில் நான்கில் ஒரு பங்காவது காலி இடம் விட வேண்டும் என்பதால் 16 வழி டிபி சரியாக இருக்கும். விளக்குகளை இரண்டு சர்க்யூட்டாகப் பிரிப்பதற்குக் காரணம் லோடு அல்ல. ஒன்று டிரிப் ஆனால் வீடு முழுக்க இருட்டாகக் கூடாது என்பதுதான்.

விளக்கு சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மிமீ வயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபியும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), சாக்கெட்டுக்கு 2.5 சதுர மிமீயும் 16 ஆம்பியரும், ஏசி, ஹீட்டருக்கு 4 சதுர மிமீயும் 20 ஆம்பியரும் போடுவது வழக்கம். இந்த அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு எங்கும் அப்படியே போடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது.

2.5 சதுர மிமீ பிவிசி வயர் சுவருக்குள் பைப்பில் தனியாகப் போனால், சுற்றுச் சூடு 30 டிகிரியாக இருக்கும்போது 24 ஆம்பியர் தாங்கும். அதே பைப்பில் மூன்று சர்க்யூட்களை நெருக்கினால் ஒன்றின் சூடு மற்றதை ஏற்றும்; 0.7 ஆல் பெருக்க வேண்டும். 24 இப்போது 16.8 ஆகிறது. சுற்றுச் சூடு 40 டிகிரி என்றால் இன்னும் 0.87 ஆல் பெருக்க வேண்டும், கிடைப்பது 14.6 ஆம்பியர். மேலே இருப்பதோ 16 ஆம்பியர் எம்சிபி. அதாவது எம்சிபி விழுவதற்கு முன்பே வயர் தன் எல்லையைத் தாண்டிவிடும். உடனே தீப்பிடிக்காது. ஆண்டுக்கணக்கில் இன்சுலேஷன் காய்ந்து வெடித்து, ஒருநாள் ஷார்ட் ஆகும். பைப்பைப் பிரித்தாலோ வயரை 4 சதுர மிமீ ஆக்கினாலோ இது தீரும். இரண்டையும் காகிதத்தில் இருக்கும்போதே செய்துவிடலாம்.

எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, கருவியைக் காப்பாற்ற அல்ல. அதன் மீது எழுதிய ஆம்பியரைத் தாண்டியதும் அது விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு எம்சிபிக்கான தரத்தின்படி 1.13 மடங்கில் அது ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்பியர் எம்சிபி 23 ஆம்பியரில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் நிற்கலாம். ஆகவே அடிக்கடி விழுகிறதே என்று 2.5 சதுர மிமீ வயரின் மேல் 25 ஆம்பியர் எம்சிபி மாட்டுவது மன்னிக்க முடியாத வேலை.

தூரம் அதிகமென்றால் வோல்டேஜ் இறக்கத்தையும் கணக்கிட வேண்டும். 2.5 சதுர மிமீ செம்பின் தடை மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். சாக்கெட் 20 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 40 மீட்டர், தடை 0.296 ஓம். 13 ஆம்பியர் ஹீட்டர் ஓடும்போது 3.85 வோல்ட் இறங்கும். வயர் சூடேறிய நிலையில் சுமார் 4.6 வோல்ட், அதாவது 2 சதவீதம். விளக்குக்கு 3, மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளும் எல்லை. எனவே இது பரவாயில்லை. தோட்டத்தின் மறுகோடியில் இருக்கும் மோட்டாருக்கு இதே கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வயர் வாங்கக் கூடாது.

ஸ்லாப்பில் பைப்

கம்பி கட்டுபவர் அடிக்கம்பியை முடித்து, மேல்கம்பியைத் தொடங்கும் முன் கிடைக்கும் நேரம்தான் எலக்ட்ரீஷியனுடையது. பைப் அடிக்கம்பிக்கு மேலே, மேல்கம்பிக்குக் கீழே கிடக்க வேண்டும். ஷட்டரிங் பலகையின் மேல் நேரடியாகக் கிடந்தால், ஷட்டர் பிரித்த பிறகு பைப்பின் முதுகு வெளியே தெரியும்; அந்த இடத்தில் கம்பியை மூடிக் காக்கும் கான்கிரீட் கவரும் இருக்காது.

பைப்பின் வெளி விட்டம் ஸ்லாப் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் பக்கத்தில் போகும் பைப்களின் மையங்களுக்கு இடையே விட்டத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி விட வேண்டும். டிபிக்கு மேலே பத்துப் பதினைந்து பைப்களை ஒட்டி ஒட்டிக் கட்டும்போதுதான் இது மீறப்படுகிறது. அங்கே கான்கிரீட் நடுவில் இறங்காமல் ஸ்லாப் இரண்டு அடுக்காகப் பிளந்து நிற்கும். பைப்களை விசிறிபோல் விரித்துக் கொண்டுவந்து, கடைசி ஒரு மீட்டரில் மட்டும் சேர்க்க வேண்டும். மூன்று பைப்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதையும் தவிர்க்க வேண்டும்.

விளக்குப் புள்ளிகளுக்கு ஆழமான ஜங்ஷன் பாக்ஸ் வைத்து, பலகையோடு ஆணி அடித்து நிறுத்தி, உள்ளே ஈர மணலோ தெர்மாகோலோ நிரப்பி டேப் ஒட்ட வேண்டும். ஃபேன் பாக்ஸின் கொக்கி 12 மிமீ கம்பியாக இருந்து, இரண்டு பக்கமும் அடிக்கம்பிக்கு மேலே நீண்டு, கட்டுக்கம்பியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பாக்ஸின் தகட்டை மட்டும் நம்பி ஃபேனைத் தொங்கவிடக் கூடாது.

ஒவ்வொரு மூட்டிலும் சொல்யூஷன் தடவி, பைப்பை கப்ளரின் (இரண்டு பைப்பை இணைக்கும் குட்டைக் குழாய்) நடுத்தடுப்பு வரை தள்ள வேண்டும். மீட்டருக்கு ஒரு கட்டாவது போட வேண்டும். வளைவுக்குக் கூர்மையான எல்போ வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் விட்டு, பைப் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாத ஆரத்தில் வளைக்கலாம். தேவையான கோணத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தால் பைப் தானாகத் திரும்பிச் சரியான கோணத்தில் நிற்கும். இரண்டு பாக்ஸ்களுக்கு இடையே செங்கோண வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவது வளைவில் வயர் வராது. வந்தாலும் இன்சுலேஷன் உரிந்து வரும். இரு பக்க சுவிட்ச் வேண்டிய மாடிப்படிக்கு, கீழ் பாக்ஸையும் மேல் பாக்ஸையும் இணைக்கும் பைப்பை இப்போதே போட்டுவிட வேண்டும்.

கான்கிரீட் போடும் நாளில் எலக்ட்ரீஷியன் அங்கே நின்றாக வேண்டும். பைப்பின் மேல் தள்ளுவண்டி ஏறுவதும், வைப்ரேட்டர் ஊசி பாக்ஸில் முட்டுவதும், திறந்த வாய்க்குள் கான்கிரீட் பால் இறங்குவதும் அந்தச் சில மணி நேரத்தில்தான் நடக்கும். கையில் நாலைந்து கப்ளர், சொல்யூஷன், டேப் இருந்தால் உடைந்த பைப்பை அங்கேயே மாற்றிவிடலாம். ஒரு கப்ளர் செலவில் முடிய வேண்டிய பழுது, விட்டுவிட்டால் கூரையில் பட்டைப் பைப் ஓட்டும் அசிங்கத்தில் முடியும்.

சுவரில் காடி

சுவர் எழுந்த பிறகு முதல் வேலை மட்டம். முடிந்த தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் எல்லா அறைகளிலும் ஒரே கோடு அடிக்க வேண்டும். லேசர் இல்லையென்றால் தண்ணீர்க் குழாயே போதும். இப்போது காலடியில் இருப்பது முடிந்த தரை அல்ல. அதன்மேல் மட்டக் கலவையும் டைல்ஸும் வரும். எத்தனை மிமீ வரும் என்று கொத்தனாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அளந்தால், 1200 மிமீயில் இருக்க வேண்டிய சுவிட்ச் 1130இல் நிற்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் இந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி. கதவுக்குப் பின்னால் ஒளிந்த சுவிட்ச் போர்டுகள் எல்லாம் இதைக் கேட்காததால் வந்தவை.

காடி, அதாவது பைப் பதிக்கச் சுவரில் வெட்டும் பள்ளம், செங்குத்தாகவோ கிடையாகவோதான் போக வேண்டும், சாய்வாக ஒருபோதும் கூடாது. பின்னாளில் ஆணி அடிப்பவர், போர்டு இருக்கும் இடத்தைப் பார்த்து அதற்கு நேர் மேலே வயர் போகும் என்று ஊகிப்பார். அந்த ஊகத்தை நாம் பொய்யாக்கக் கூடாது. செங்குத்துக் காடியின் ஆழம் சுவர் கனத்தில் மூன்றில் ஒன்றுக்குள், கிடைக்காடி ஆறில் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். 115 மிமீ சுவரில் செங்குத்தாக 38 மிமீ வரை வெட்டலாம். 25 மிமீ பைப்பும் அதன்மேல் 10 மிமீ மறைப்பும் அதற்குள் அடங்கும். 100 மிமீ சுவரென்றால் எல்லை 33 மிமீ. அங்கே 20 மிமீ பைப்தான். அதே சுவரில் கிடைக்காடிக்கு 16 மிமீதான் மிஞ்சும். எந்தப் பைப்பும் அடங்காது. எனவே மேலே ஸ்லாப் வழியாகப் போய் நேராக இறங்க வேண்டும். மெல்லிய சுவரின் இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பாக்ஸ் வைத்தால் அந்த இடத்தில் சுவரே இருக்காது. குறைந்தது ஒரு செங்கல் நீளமாவது தள்ளி வைக்க வேண்டும். பீம், தூண்களில் காடி வெட்டுவதற்கு எலக்ட்ரீஷியனுக்கு அனுமதியே இல்லை.

இரட்டை பிளேடு கட்டரால் இரண்டு கோடு போட்டு நடுவைச் சிப்பினால் ஓரம் சிதறாது. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. துணி கட்டிக்கொள்வது போதாது. நுண்துகள் தடுக்கும் முகமூடியும், தூசியை உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும். சைட்டின் தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் விழும் சுவிட்ச்) இல்லாமல் கட்டரைச் செருகவே கூடாது. ஈரத் தரையும் தேய்ந்த கேபிளும் சேரும் இடம் அது.

பாக்ஸின் முகம் பூச்சின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். சுவரில் பூச்சு எத்தனை மிமீ என்று தெரிந்துகொண்டு அந்த அளவு வெளியே தள்ளி வைத்து, கலவையால் நிறுத்தி, ரசமட்டம் பார்க்க வேண்டும். உள்ளே புதைந்துவிட்டால் திருகு எட்டாது. வெளியே துருத்தினால் பிளேட்டுக்குப் பின்னால் இடுக்கு தெரியும். பைப் பதித்த காடியின் மேல் கம்பி வலை வைத்துப் பூசினால் அந்தக் கோட்டில் வெடிப்பு வராது.

பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்த வீட்டில் யார் துளை போட்டாலும் உதவப்போவது அந்தப் படம்தான்.

வயர் இழுத்தல்

பூச்சு காய்ந்த பிறகே வயர். முதலில் பைப்புக்குள் காற்றை ஊதிப் பார்க்க வேண்டும். தண்ணீர் நின்றிருந்தால் பைப்புக்குள் விட்டு இழுக்கும் ஃபிஷ் வயரில் துணி கட்டித் துடைக்க வேண்டும்.

ஒரு பைப்பில் எத்தனை வயர்? பைப்பின் உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் நிறையக் கூடாது. 20 மிமீ பைப்பின் உள் விட்டம் சுமார் 16.5 மிமீ, பரப்பு 214 சதுர மிமீ. அதில் 40 சதவீதம் 85. இன்சுலேஷனோடு 3.6 மிமீ விட்டமுள்ள 2.5 சதுர மிமீ வயர் ஒன்று 10 சதுர மிமீ இடம் பிடிக்கும். கணக்குப்படி 8 வரும். இரண்டு வளைவு இருந்தால் 5 அல்லது 6 என்று நிறுத்திக்கொள்வது நல்லது. பைப்பில் இடம் இருக்கிறது என்பதற்காக வயர் தாங்கும் என்று அர்த்தமில்லை. மேலே சொன்ன சூட்டுக் கணக்கு தனி.

ஒரே பைப்பில் போக வேண்டிய எல்லா வயரையும் ஒரே தடவையில் இழுக்க வேண்டும். ஏற்கெனவே கிடக்கும் வயரின் மேல் இன்னொன்றை இழுத்தால் உராய்ந்து பழையதன் தோல் கிழியும். காயிலைப் பக்கவாட்டில் வைத்துச் சுருள் சுருளாக உருவாமல், சுழற்றி விட வேண்டும். முறுக்கு விழுந்த வயர் வளைவில் சிக்கும். வழுக்க டால்க் பவுடர் தூவலாம். எண்ணெயோ கிரீஸோ பிவிசியைக் கெடுக்கும்.

பைப்புக்குள் ஜாயின்ட் இருக்கவே கூடாது. வயர் பத்தவில்லையென்றால் அதை உருவிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். பாக்ஸில் 150 மிமீ வால் விட வேண்டும். டிபியில் பாக்ஸின் உயரமும் அகலமும் சேர்ந்த நீளம் விட வேண்டும். இழுத்த உடனே இரண்டு முனையிலும் சர்க்யூட் எண்ணை ஒட்ட வேண்டும். அப்புறம் ஒட்டலாம் என்று விட்டால், டிபியில் நாற்பது வயர் தொங்கும்போது ஒவ்வொன்றாக ஒலி வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதற்கென்று ஒரு நியூட்ரல். இதில் சலுகையே கிடையாது. விளக்கு சர்க்யூட்டின் ஃபேஸும் பக்கத்துச் சாக்கெட்டின் நியூட்ரலும் ஒரு பாக்ஸில் கலந்துவிட்டால் இரண்டு கேடு. நியூட்ரலில் இரண்டு சர்க்யூட் மின்னோட்டமும் சேரும். அதைக் காக்க எம்சிபி கிடையாது. அடுத்து, அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டோம் என்று நம்பி நியூட்ரலைக் கழற்றுபவரின் கையில் 230 வோல்ட் வரும். பச்சை அல்லது பச்சை மஞ்சள் வயர் எர்த்துக்கு மட்டும்தான்; கையிருப்பில் அதுதான் இருக்கிறது என்று அதை சுவிட்ச் ரிட்டர்னாக (சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயராக) பயன்படுத்தக் கூடாது.

முனை இணைப்பு, டிபி

வயரிங்கில் தீப்பிடிக்கும் இடம் பெரும்பாலும் வயரின் நடுவில் இல்லை, திருகின் அடியில் இருக்கிறது. தளர்ந்த முனையில் தடை கூடும், சூடேறும், செம்பு கறுக்கும், தடை இன்னும் கூடும். லோடு கூடாததால் எம்சிபிக்கு இது தெரியவே தெரியாது.

ஸ்டிரிப்பரால் 10 முதல் 12 மிமீ வரை உரிக்க வேண்டும். கத்தியால் சுற்றி வெட்டினால் இழைகளில் கீறல் விழுந்து, வளைக்கும்போது ஒன்றிரண்டு முறியும். மெல்லிய இழை வயரின் முனைக்கு ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழலைப் போட்டு அமுக்க வேண்டும். இழைகளுக்கு ஈயம் பற்றவைத்துத் திருகின் கீழ் வைப்பது பழைய பழக்கம், தவறான பழக்கம்: ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி ஒதுங்கும், திருகு தானாகத் தளரும். 1.5ஐயும் 4ஐயும் ஒரே துளையில் சேர்த்தால் திருகு தடித்ததைப் பிடிக்கும், மெலிந்தது ஆடும். முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். எம்சிபியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரால் முடுக்கினால் சந்தேகமே இல்லை.

டிபியில் வரிசை: மெயின் ஐசோலேட்டர் (முழு வீட்டையும் துண்டிக்கும் சுவிட்ச்), ஆர்சிசிபி, பஸ்பார் (எம்சிபிகளுக்கு ஃபேஸைப் பகிரும் செப்புப் பட்டை), எம்சிபிகள். பெரிய எம்சிபிகள் மெயினுக்கு அருகில் இருக்கட்டும். ஆர்சிசிபி கசிவை மட்டுமே பார்க்கும், ஓவர்லோடைப் பார்க்காது. அதற்கு முன்னால் எம்சிபியோ ஃபியூஸோ கட்டாயம். வீடு முழுவதையும் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியில் போடுவது மலிவு, ஆனால் தொல்லை. கணினி, எல்இடி டிரைவர், வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் இயல்பாகவே கொஞ்சம் எர்த்துக்குக் கசியும். அந்த மொத்தக் கசிவு 30இல் 30 சதவீதம், அதாவது 9 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். தரப்படி ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதால் இந்த எச்சரிக்கை. இரண்டோ மூன்றோ ஆர்சிசிபியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் பார் வைக்க வேண்டும். ஒன்றின் நியூட்ரல் மற்றதன் பாரில் போய்விட்டால், லோடு போட்ட கணமே இரண்டும் விழும்.

எர்த்

16 சதுர மிமீ வரை எர்த் வயர் ஃபேஸ் வயரின் அளவிலேயே இருக்க வேண்டும். வீட்டுக்குள் எந்த இடத்திலும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கக் கூடாது. குளியலறையின் உலோகக் குழாய்களை எர்த்தோடு இணைத்துவிட வேண்டும்.

தனி எர்த் குழியை நம்பும் இடத்தில் அதன் தடையை அளந்தே ஆக வேண்டும். எர்த் கம்பியிலிருந்து நேர்கோட்டில் 30 மீட்டரில் மின்னோட்ட ஆணி, அந்தத் தூரத்தில் 62 சதவீதத்தில், அதாவது சுமார் 18.5 மீட்டரில், வோல்டேஜ் ஆணி அடித்து அளக்க வேண்டும். நடு ஆணியை இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்த்தி அளந்தாலும் எண் மாறவில்லையென்றால் அளவு நம்பத்தக்கது. மழைக்குப் பின் கிடைக்கும் நல்ல எண்ணில் மகிழ வேண்டாம். மண் காயும்போது எத்தனை என்பதே கேள்வி. குழி மோசமாகவும் ஆர்சிசிபி இல்லாமலும் இருந்தால், பழுதான கருவியின் உடலில் மின்சாரம் நிற்கும், எம்சிபி விழாது.

மின்சாரம் கொடுக்கும் முன்

முதலில் கண்ணால் ஒரு சுற்று. பிறகு எர்த் தொடர்ச்சி: டிபியின் எர்த் பாரிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளை வரை, குறைந்த தடையை அளக்கும் மீட்டரால். 20 மீட்டர் 2.5 சதுர மிமீக்கு 0.15 ஓம் வர வேண்டும். 0.8 வந்தால் நடுவில் எங்கோ ஒரு திருகு தளர்வு.

அடுத்து இன்சுலேஷன். இன்சுலேஷன் தடையை அளக்கும் மெகர், 500 வோல்ட்டில், எல்லா சுவிட்சும் போட்ட நிலையில், பல்பும் எல்இடியும் டிம்மரும் கழற்றிய பிறகு. எலக்ட்ரானிக் பொருளைக் கழற்ற முடியாவிட்டால் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக மட்டும் பார்க்க வேண்டும். விதி கேட்கும் குறைந்தபட்சம் 1 மெகாஓம். ஆனால் புது வயரில் 100ஐத் தாண்டுவதே இயல்பு. புது வீட்டில் ஒரு சர்க்யூட் மட்டும் 3 மெகாஓம் காட்டினால், தேறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பைப்பில் நீரோ, திருகு கடித்த வயரோ இருக்கிறது. பெயின்ட் அடிப்பதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும்.

போலாரிட்டி (ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருப்பது) சரிபார்த்து, சுவிட்ச் எல்லாம் ஃபேஸில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே மின்சாரம். அதன்பின் எர்த் லூப் இம்பிடன்ஸ், அதாவது ஃபேஸ் எர்த்தைத் தொட்டால் மின்னோட்டம் போய்வரும் முழுப் பாதையின் தடை. பி வகை 16 ஆம்பியர் எம்சிபி உறுதியாக உடனே விழ அதன் ஐந்து மடங்கு, 80 ஆம்பியர் ஓட வேண்டும். 230ஐ 80ஆல் வகுத்தால் 2.87 ஓம். சி வகைக்குப் பத்து மடங்கு, ஆகவே 1.44 ஓம். குளிர்ந்த வயரில் அளப்பதால் இந்த எண்களில் ஐந்தில் நான்கு பங்குக்குள் வர வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று பியை எடுத்து சி போடுபவர்கள் இந்த எல்லை பாதியாகக் குறைவதை நினைப்பதில்லை. ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள், ஐந்து மடங்கில் 40க்குள் விழ வேண்டும். டெஸ்ட் பொத்தான் அதன் உள் இயக்கத்தை மட்டும்தான் காட்டும், எர்த்தைக் காட்டாது.

மின்சாரம் வந்த பிறகு திரும்பக் கை வைக்க நேர்ந்தால்: அணை, பூட்டு, சாவியைப் பையில் வை. இரு முனை டெஸ்டரை உயிருள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார். வேலை செய்யும் இடத்தில் பார். திரும்ப உயிருள்ள இடத்தில் பார். நடுவில் டெஸ்டரே செத்திருக்கலாம் என்பதற்காகத்தான் மூன்றாவது தடவை. நியான் டெஸ்டர் எரியவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது.

அடிக்கடி வரும் பழுதுகள்

எல்லா எம்சிபியையும் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி நிற்க மறுத்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஒற்றைத் துருவ எம்சிபி ஃபேஸைத்தான் வெட்டும், நியூட்ரல் சேர்ந்தே இருக்கும். நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகப் பாரிலிருந்து கழற்றி மெகர் வைத்தால் அகப்படும். பெரும்பாலும் பாக்ஸின் திருகு துளைத்த வயராக இருக்கும்.

அணைத்த எல்இடி மங்கலாக எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருக்கிறதா என்று. அடுத்து சுவிட்சில் சிறு நியான் விளக்கு இருக்கிறதா என்று. இரண்டும் இல்லையென்றால், நீளமாக ஃபேஸோடு ஒட்டிப் போகும் ரிட்டர்ன் வயரில் ஏறும் சிறு மின்னோட்டம்.

மூன்று ஃபேஸ் வீட்டில் சில விளக்குகள் திடீரெனப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால், தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. மெயினை உடனே அணைக்க வேண்டும். பொது நியூட்ரல் அறுந்திருக்கிறது. லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நெருங்கலாம்; சில நிமிடங்களில் டிவியும் ஃபிரிட்ஜும் போய்விடும். நியூட்ரல் லிங்க்கின் திருகையும், அதற்கு முன் மீட்டர் முனையையும் பார்க்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் இருப்பது மின் வாரியத்தின் வேலை, அதைத் தொடக் கூடாது.